திறந்தவெளி மேசைகள் பப்களைக் காப்பாற்றுமா? பிரிட்டன் அனுபவம் தரும் பாடம்

கொரோனா ஊரடங்கால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இங்கிலாந்தின் பப்கள் 2021 ஏப்ரல் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் அரசு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. வாடிக்கையாளர் எவரும் உள்ளே அமரக் கூடாது. திறந்தவெளியில் மட்டுமே பரிமாற வேண்டும். உட்புறச் சேவைக்கு மே 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வாரங்களில், பின்புறத் தோட்டமோ முற்றமோ வைத்திருந்த பப் வியாபாரம் செய்தது. அவை இல்லாத பப் பூட்டிய கதவுடன் வாடகை செலுத்தியது. பாதிக்கும் குறைவான மதுக்கூடங்களுக்கே திறந்தவெளியில் வியாபாரம் செய்யும் வசதி இருந்தது.

அதுவரை கோடைக்கால அலங்காரமாக மட்டுமே கருதப்பட்ட வெளிப்புற இடம், அன்று முதல் ஒரு பப்பின் முதன்மையான சொத்துகளுள் ஒன்றாகிவிட்டது. மேசைகளை மாற்றுவது, பந்தல் அமைப்பது, விளக்குகள் பொருத்துவது, வெப்பமூட்டிகள் வைப்பது எனப் பல உரிமையாளர்கள் தங்கள் சேமிப்பைத் தோட்டத்தில் முதலீடு செய்தனர்.

இந்த முயற்சியின் பின்னணியில் இருப்பது வாழ்வாதாரப் போராட்டம். 2000ஆம் ஆண்டில் சுமார் 60,000 பப்கள் இருந்த பிரிட்டனில் தற்போது எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 45,000 மட்டுமே. 2025ஆம் ஆண்டில் மட்டும் 378 பப்கள் மூடப்படக் கூடும் என்றும், அதனால் 5,600-க்கும் மேற்பட்டோர் நேரடியாக வேலை இழப்பர் என்றும் பிரிட்டிஷ் பீர் மற்றும் பப் சங்கம் அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மதிப்பிட்டது. நாளொன்றுக்கு ஒரு பப் என்ற கணக்கு இது. கிராமங்களில் பப் என்பது மது அருந்தும் இடம் மட்டுமன்று. ஊரார் கூடிப் பேசுவதற்கு எஞ்சியிருக்கும் ஒரே பொது இடமாகவும் அது பல ஊர்களில் விளங்குகிறது.

இந்நிலையில், வெளிப்புற இடத்தை மேம்படுத்தினால் வாடிக்கையாளர் வருவார்களா என்ற கேள்விக்கு, வருவார்கள் என்பதே பொதுவான பதில். ஆனால் அந்த வருமானம் யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது மேசையும் விளக்கும் அல்ல. தோட்டத்து மதிலுக்கு அப்பால் வசிப்பவரும், நடைபாதையில் நடந்து செல்பவருமே அதைத் தீர்மானிக்கின்றனர்.

புகைத் தடையில் தொடங்கிய மாற்றம்

பப்களின் கவனம் வெளிப்புறத்தின் பக்கம் திரும்பியதற்கு ஊரடங்கு முதற்காரணம் அன்று. மூடப்பட்ட பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கும் சட்டம் ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் மாதத்திலும், இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 அன்றும் நடைமுறைக்கு வந்தது. புகைபிடிப்போர் வெளியே செல்ல நேரிட்டதால், அதுவரை காலி பீப்பாய்களும் குப்பைத் தொட்டிகளும் அடுக்கப்பட்டிருந்த கொல்லைப்புறங்கள் இருக்கைகள் கொண்ட முற்றங்களாக மாறின. கூரையுள்ள கொட்டகையின் பக்கச் சுவர்களில் குறைந்தது பாதியளவு திறந்திருக்க வேண்டும் என்ற விதி, இன்றும் பல பப் தோட்டங்களின் கட்டமைப்பைத் தீர்மானிக்கிறது.

அந்த முற்றத்தை பப்கள் எவ்வளவு நம்பியுள்ளன என்பது 2024 ஆகஸ்டில் தெளிவானது. புகைத் தடையைப் பப் தோட்டங்களுக்கும் விரிவுபடுத்துவது குறித்துப் பிரிட்டன் அரசு பரிசீலிப்பதாகத் தகவல் வெளியானதும் தொழில்துறையினர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் புகையிலை மற்றும் வேப் மசோதா கொண்டுவரப்பட்டபோது, பப் தோட்டங்களுக்குத் தடையை விரிவுபடுத்தும் திட்டம் கைவிடப்பட்டிருந்தது.

எளிதான உரிமம், குறுகலான நடைபாதை

தோட்டம் இல்லாத நகரப் பப்களுக்கு எஞ்சியிருப்பது வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை மட்டுமே. முன்பு, நடைபாதையில் மேசை போட அனுமதி பெறுவதற்கு நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் 28 நாள் கலந்தாய்வு தேவைப்பட்டது. கட்டணமும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 2020 ஜூலையில் நிறைவேற்றப்பட்ட வணிக மற்றும் திட்டமிடல் சட்டம் இந்த நடைமுறையைச் சுருக்கி, கட்டணத்துக்கு 100 பவுண்டு உச்சவரம்பு விதித்தது. தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட இந்த ஏற்பாடு 2024 மார்ச் 31 முதல் இங்கிலாந்தில் நிரந்தரமாக்கப்பட்டது. புதிய உரிமத்துக்கு அதிகபட்சம் 500 பவுண்டும், புதுப்பிப்பதற்கு 350 பவுண்டும் வசூலிக்கலாம். 14 நாள் கலந்தாய்வுக்குப் பின் அடுத்த 14 நாளில் உள்ளாட்சி மன்றம் முடிவெடுக்க வேண்டும். தவறினால் உரிமம் வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.

வியாபாரிக்கு இது பெரும் சலுகை. ஆனால் நடைபாதை என்பது எவருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் அன்று. சக்கர நாற்காலியில் செல்பவர், குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் தாய், வெள்ளைக் கோலுடன் நடக்கும் பார்வையற்றவர் ஆகியோருக்கும் அதே இடம்தான் வழி. பொதுவாகக் குறைந்தது 1.5 மீட்டர் அகலப் பாதை தடையின்றி இருக்க வேண்டும் என அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. உரிமத்தின்கீழ் வைக்கப்படும் மேசை, நாற்காலி, குடை, தடுப்பு ஆகியவை எடுத்து வைக்கக் கூடியவையாக இருக்க வேண்டும். புகைபிடிக்காதோருக்குத் தனி இருக்கை வசதியும் கட்டாயம். மாலையில் ஒழுங்காக இருக்கும் மேசைகள், கூட்டம் கூடக் கூட ஓரங்குலமாகப் பாதையை நோக்கி நகர்வதே நடைமுறையில் எழும் சிக்கல். விதியைத் தாளில் எழுதுவதைவிட, இரவு ஒன்பது மணிக்கு அதை அளந்து பார்ப்பது கடினம்.

லண்டனின் சோஹோ பகுதியில் இந்த மோதல் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 கோடையில் அங்குள்ள சாலைகளில் குறிப்பிட்ட நேரங்களில் வாகனங்களை நிறுத்தி, மேசைகள் போட வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் அனுமதி அளித்தது. உணவகங்களும் பப்களும் பிழைத்தன. ஆனால் இரவு நேர இரைச்சலும் வாகனப் போக்குவரத்துச் சிரமமும் குடியிருப்போரின் எதிர்ப்பைத் தூண்டின. 2021 செப்டம்பர் இறுதியில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

வாடிக்கையாளர் தேடுவது என்ன?

திறந்தவெளியின் அடிப்படைத் தேவை நிழல் என்பதற்கு, பீர் தோட்டங்களின் தாயகமான ஜெர்மனியின் பவேரியா மாநிலமே சான்று. அங்குள்ள மதுவடிப்பாளர்கள் நிலவறைகளில் பீரைக் குளிர்ச்சியாகச் சேமித்து வைக்க, மேல்தரையில் சரளைக்கல் பரப்பிக் குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டனர். நிழலும் குளிர்ந்த பீரும் ஒரே இடத்தில் கிடைத்ததால் மக்கள் அங்கே கூடத் தொடங்கினர். தங்கள் வியாபாரம் பாதிக்கப்படுவதாக நகர விடுதிக்காரர்கள் முறையிட்டனர். அதையடுத்து 1812 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் மாக்சிமிலியன் பிறப்பித்த ஆணை, நிலவறைகளில் பீரும் ரொட்டியும் விற்கலாம், பிற உணவு விற்கக் கூடாது என வரையறுத்தது. மக்கள் வீட்டிலிருந்தே உணவு கொண்டுவரும் வழக்கம் அதனால் உருவாகி இன்றும் தொடர்கிறது.

பிரிட்டனின் வானிலையில் நிழலைவிட மழைத் தடுப்புக்கே முதலிடம். திடீரென மழை பெய்தால், உள்ளே இடமில்லாத நிலையில், தோட்டத்தில் அமர்ந்திருக்கும் கூட்டம் முழுவதும் வீடு திரும்பிவிடும். ஆகவே மேசைகளைப் பெருக்குவதைவிட, இருக்கும் மேசைகளில் ஒரு பகுதிக்கேனும் உறுதியான கூரை அமைப்பது பயன்தரும். பப் வளாகத்துக்குள் நகர்த்தத்தக்க பந்தல்களை முழுமையான கட்டட அனுமதி இன்றி அமைக்க 2022 ஜனவரி முதல் இங்கிலாந்தில் வழி செய்யப்பட்டுள்ளது. உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. பரப்பளவு 50 சதுர மீட்டர் அல்லது பப் கட்டடத்தின் பரப்பில் பாதி, இவற்றில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். அண்டை வீட்டு எல்லையிலிருந்து 2 மீட்டர் விலகியிருக்க வேண்டும். பழமைச் சிறப்புக்காகப் பாதுகாக்கப்படும் கட்டடங்களுக்கு விதிகள் மேலும் கடுமையானவை.

அடுத்து கவனிக்கப்பட வேண்டியது, பணியாளர் நடக்கும் தூரம். சமையலறையிலிருந்து தோட்டத்தின் கடைசி மேசைக்கு நீண்ட தூரம் நடக்க வேண்டியிருந்தால் உணவு ஆறிவிடும். இரண்டாவது கோப்பை கேட்க விரும்பும் வாடிக்கையாளர் காத்திருந்து சலித்துவிடுவார். தோட்டத்தை நோக்கித் திறக்கும் ஒரு பரிமாறும் சாளரமோ, மேசையிலிருந்தே கியூஆர் குறியீடு வழியாகக் கேட்கும் வசதியோ, விலையுயர்ந்த நாற்காலிகளைவிட வியாபாரத்துக்குக் கூடுதலாக உதவும். படியில்லாத நுழைவு, கழிவறைக்குச் செல்லும் வழியில் வெளிச்சம், பெற்றோரின் பார்வையில் படும் இடத்தில் குழந்தைகளின் விளையாட்டிடம், நாய்களுக்குத் தண்ணீர் ஆகியவை சிறு செலவில் அமையக் கூடியவை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு வசதிக் குறைவென்றால் அக்குடும்பம் முழுவதும் வேறு இடத்தைத் தேடும்.

உணவும் ஒரு ஈர்ப்பு. இதற்கு இந்திய வம்சாவளியினரே ஓர் எடுத்துக்காட்டு. 1960-களில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ஸ்மெத்விக் போன்ற ஊர்களில், பல பப்கள் இந்தியர்களைத் தனி அறைகளில் ஒதுக்கி வைத்தன அல்லது அனுமதிக்கவே மறுத்தன. இந்தியத் தொழிலாளர் சங்கம் இதற்கு எதிராகப் போராடியது. 1965இல் நிறைவேறிய இன உறவுகள் சட்டம், பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. இன்று அதே பகுதியில் பஞ்சாபி வம்சாவளியினர் நடத்தும் தேசி பப்கள் கரியடுப்பில் வாட்டிய இறைச்சிக்கும் தந்தூரி உணவுக்கும் பெயர் பெற்றவை. எல்லாச் சமூகத்தினரும் அங்கு வாடிக்கையாளர்கள். அருகிலுள்ள பல பப்கள் நலிந்து மூடப்பட்ட நிலையிலும், உணவின் வலிமையால் இவற்றுள் பல நிலைத்து நிற்கின்றன.

கணக்கு எங்கே இடிக்கிறது?

தோட்டம் நிறைந்தாலும் பெட்டி நிறைவதில்லை என்பதே பல உரிமையாளர்களின் கவலை. 2025 ஏப்ரலில் மூன்று சுமைகள் ஒரே நேரத்தில் வந்தன. பணியாளருக்காக முதலாளி செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 13.8 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்ததுடன், அது தொடங்கும் ஆண்டுச் சம்பள வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. வணிகச் சொத்து வரியில் இங்கிலாந்தின் பப்களுக்கு அளிக்கப்பட்டு வந்த 75 விழுக்காடு சலுகை 40 விழுக்காடாகக் குறைந்தது.

தோட்டத்துக்கென ஒரு பணியாளரை மாலை ஆறு மணி நேரம் கூடுதலாக அமர்த்தினால், அந்த ஊதிய விகிதத்தில் அடிப்படைச் செலவு மட்டும் 73 பவுண்டைத் தாண்டும். மறுபுறம், ஐந்து பவுண்டுக்கு விற்கும் ஒரு கோப்பை பீரில் சுமார் 83 பென்ஸ் மதிப்புக்கூட்டு வரியாகவே சென்றுவிடும். பீரின் கொள்முதல் விலை, மின்சாரம், வாடகை ஆகியவற்றை எஞ்சிய தொகையில்தான் ஈடுகட்ட வேண்டும். மழை பெய்து மேசைகள் காலியாக இருக்கும் மாலையிலும் அந்த 73 பவுண்டு செலவு குறைவதில்லை.

இதில் பலர் கவனிக்கத் தவறும் மற்றொரு சிக்கலும் உண்டு. கடைகளுக்குச் சொத்து வரி மதிப்பீடு பெரும்பாலும் தரைப்பரப்பை அடிப்படையாகக் கொண்டது. பப்களுக்கோ, அந்த இடத்தில் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வியாபார அளவே அடிப்படை. ஆகவே தோட்டத்தை மேம்படுத்தி விற்பனையைப் பெருக்கும் பப்பின் வரி மதிப்பு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் மறுமதிப்பீட்டில் உயர வாய்ப்புண்டு. சொந்த முதலீட்டில் பெற்ற வெற்றிக்கு வரியும் கூடும்.

கட்டடம் பெருநிறுவனத்துக்குச் சொந்தமாகவும், நடத்துபவர் குத்தகைதாரராகவும் உள்ள பப்களில் கேள்வி இன்னும் கூர்மையானது. பந்தலுக்கும் தரைக்கும் யார் செலவிடுவது, குத்தகை முடிந்த பின் அவை யாருக்குச் சொந்தம், மேம்பாட்டைக் காரணம் காட்டி வாடகை உயர்த்தப்படுமா என்பவற்றை எழுத்து வடிவில் உறுதிசெய்யாமல் முதலீடு செய்பவர், வேறொருவரின் சொத்து மதிப்பைத் தம் சேமிப்பால் உயர்த்தியவராக ஆகலாம்.

மதிலுக்கு அப்பால்

எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்தவெளிக்குச் சுவர் இல்லை. உள்ளே எழும் சிரிப்பொலியைக் கட்டடம் தடுக்கும். தோட்டத்தில் எழும் ஒலி நேராக அடுத்த வீட்டுப் படுக்கையறையைச் சென்றடையும். 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரைச்சலைக் கட்டுப்படுத்தும் அறிவிக்கையை உள்ளாட்சி மன்றம் பிறப்பிக்கலாம். 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்கீழ், பொதுத் தொல்லையைக் காரணம் காட்டி எவரும் பப்பின் உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். அதன் முடிவில் தோட்டத்தின் நேரம் குறைக்கப்படலாம். உரிமமே பறிபோகவும் கூடும்.

பப்பின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல ஆண்டுகளாக இயங்கும் பப்பின் அருகே புதிதாகக் குடியிருப்பு கட்டிவிட்டு, பின்னர் இரைச்சல் எனப் புகார் கூறுவது சரியா என்ற கேள்வி எழுந்தது. புதிதாக வருபவரே பாதிப்பைத் தணிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்ற கொள்கை 2018இல் இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகத்தில் சேர்க்கப்பட்டது.

இந்த மோதலுக்கு ஒரு நாடு கண்ட தீர்வு கவனத்துக்குரியது. 1995இல் மியூனிக் அருகே ஒரு புகழ்பெற்ற பீர் தோட்டம் இரவு 9.30 மணிக்கே மூடப்பட வேண்டும் என, அண்டை வீட்டாரின் வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து அந்த ஆண்டு மே 12 அன்று சுமார் 25,000 பேர் மியூனிக்கில் திரண்டனர். பின்னர் 1999இல் பவேரிய அரசு பீர் தோட்டங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. இரவு 10 மணிக்கு இசை நிறுத்தம், 10.30 மணிக்குக் கடைசிப் பரிமாற்றம், 11 மணிக்கு மூடல். எந்தத் தரப்புக்கும் முழு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு அமைதி திரும்பும் என்பது அனைவருக்கும் தெரிந்தது. பாரிஸ் நகரமும் 2021இல் கோடைக்கால நடைபாதை மேசைகளை நிரந்தரமாக்கியபோது இரவு 10 மணியையே எல்லையாக வைத்தது. சுற்றுச்சூழல் நோக்கில், திறந்தவெளியைச் சூடேற்றும் கருவிகளுக்கு 2022 வசந்தம் முதல் பிரான்ஸ் முழுவதும் தடை நடைமுறைக்கு வந்தது. வெப்பமூட்டிகளை நம்பிக் குளிர்கால வியாபாரத்தைத் திட்டமிடும் பிரிட்டன் உரிமையாளர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது.

இந்தியாவில் திறந்தவெளி மாடியில்

இந்தியப் பெருநகரங்களில் பப்களுக்குத் தோட்டம் அரிது. திறந்தவெளி என்பது பெரும்பாலும் மொட்டை மாடியே. மும்பை மாநகராட்சி 2017 நவம்பரில் மாடி உணவகங்களுக்கான கொள்கைக்கு ஒப்புதல் அளித்தபோது, மாடியில் கூரை அமைக்கக் கூடாது, தீமூட்டிச் சமைக்கக் கூடாது என நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அடுத்த மாதம் 29ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், லோயர் பரேலில் உள்ள கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி மதுக்கூடங்களில் தீப்பற்றியது. மூங்கிலாலும் எளிதில் தீப்பற்றும் விரிப்புகளாலும் அமைக்கப்பட்டிருந்த மேற்கூரை வழியாகத் தீ வேகமாகப் பரவியது. 14 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாடிக்கையாளரை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்க அமைத்த பந்தலே தீ பரவ வழியானது.

ஒலி விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவாகவே உள்ளது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுமே வரம்பு. குறை இருப்பது விதியில் அன்று, அதை நடைமுறைப்படுத்துவதில்தான்.

ஆகவே வெளிப்புற இடத்தில் முதலீடு செய்ய விரும்பும் எந்த உரிமையாளரும், பந்தல்காரரையும் விளக்கு விற்பவரையும் அழைப்பதற்கு முன்னர் மூவரைச் சந்திப்பது நல்லது. உரிமம் எதை அனுமதிக்கிறது எனச் சொல்லும் உள்ளாட்சி அதிகாரி முதலாமவர். வெளியேறும் வழியும் கூரைப் பொருளும் பாதுகாப்பானவையா எனச் சொல்லும் தீயணைப்பு அதிகாரி இரண்டாமவர். மதிலுக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டார் மூன்றாமவர். மேசைகளையும் விளக்குகளையும் பின்னர் வாங்கிக் கொள்ளலாம். இந்த மூவரின் ஒப்புதல் இல்லாமல் அமைக்கப்படும் தோட்டம், ஒரு புகாரிலோ ஒரு விபத்திலோ மூடப்பட்டுவிடும்.